குளத்துக்கு ஒரு பழைய படகு

மணியாச்சின்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு ரயில்வே ஜங்ஷன் ஞாபகம் வரும். 1911-ல வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது ஞாபகம் வரும். படகு யாருக்கும் ஞாபகம் வராது. எனக்கும் போன வருசம் வரைக்கும் வந்ததில்ல. மானம் பார்த்து உளுந்தும் பருத்தியும் விதைக்கிற கரிசக்காட்டு ஆளுக்குப் படகு எதுக்கு?

நாங்க நாலு பேரு சேர்ந்து பக்கத்துக் குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்தோம். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டோம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொண்டுபோய் வைக்க, வலை கட்ட, நீர்க்காகம் விரட்ட, எல்லாத்துக்கும் லாரி டியூப்தான். நடுவுல பலகையக் கட்டிக் கையாலயே துழாவிப் போறது.

நம்ம குளம் வருசத்துல பாதி நாள் காஞ்சு கிடக்கும். அந்த நேரம் சீமைக்கருவேலம் முளைச்சு நிக்கும். வெட்டினாலும் அடிக்கட்டை தண்ணிக்குள்ள இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மார்கழில ஒருநாள் அக்கா மகன் வலை கட்டப் போனப்ப, கட்டையில இருந்த முள்ளு குத்தி டியூப் வெடிச்சிருச்சு. நல்லா நீச்சல் தெரிஞ்ச பையன்தான். ஆனா கால்ல வலை சுத்திக்கிச்சு. அந்த முள்ளுக்கட்டையையே கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கான். நாங்க கயிறு போட்டு இழுத்தப்ப ரெண்டு உள்ளங்கையும் ரத்தம். அன்னைக்குச் சாயந்திரம் அக்கா வந்து, "எம்புள்ளையப் பலி குடுக்கவா குத்தகை எடுத்தீக?"ன்னு கேட்டா. நான் பதிலே பேசல.

அப்பதான் படகு பேச்சு வந்துச்சு. புதுசு வாங்கினா குத்தகையில வர்றது அதுக்கே போயிரும். பழசுதான் தேடணும்.

தெர்மாகோல்தான் விலை கம்மி. தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் தெர்மாகோல் மிதவையில போய் மீன் பிடிக்கிறவங்க உண்டு. ஒருத்தர் இதைச் சொன்னதும் இன்னொருத்தர், 2017-ல வைகை அணையில தெர்மாகோல் விட்ட கதையை எடுத்துட்டாரு. சிரிச்சே அந்த யோசனை போயிருச்சு. முள்ளுக்கும் அது தாங்காது.

பரிசல் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஒகேனக்கல்ல ஏறியிருக்கேன். மூங்கில் பின்னி அடியில ஷீட்டு ஒட்டினது, ஆழமில்லாத தண்ணியிலயும் மிதக்கும். ஆனா துடுப்பு பழகாதவன் பிடிச்சா இருந்த இடத்துலயே சுத்தும். அதோட, தண்ணி வத்தின பிறகு எங்க வைக்கிறது? நம்ம மண்ணுல மூங்கிலைப் போட்டா ஒரே கோடையில கரையான் தின்னு முடிச்சிரும்.

மரப்படகுக்கும் இதே கோளாறுதான். மரம் தண்ணியில ஊறிக் கிடந்தாத்தான் பலகைக்குப் பலகை இறுக்கமா இருக்கும். மாசக்கணக்கா வெயில்ல காஞ்சா இணைப்பு விட்டுரும். அடுத்த ஐப்பசியில இறக்கினா சல்லடைதான். வத்துற குளத்துக்கு மரம் ஆகாதுன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு.

மிச்சம் ஃபைபர். 2023 டிசம்பர் வெள்ளத்துல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டினப்ப, கடற்கரைக்காரங்க லாரியில படகை ஏத்திக் கொண்டுவந்து ஊர் ஊரா ஆள் மீட்டாங்களே, அந்த மாதிரிப் படகு. தூத்துக்குடி நமக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நானும் மருமகனும் பைக்குல போனோம்.

முதல்ல பார்த்தது பதினெட்டு அடி. எட்டாயிரம்னு சொன்னாங்க. புத்தம்புதுசா நீலப் பெயின்ட். எனக்கு மாட்டுச்சந்தை ஞாபகம் வந்துச்சு. கொம்பு சீவி எண்ணெய் தடவி நிக்கிற மாட்டைத்தான் ரெண்டு தடவை பார்க்கணும். ஒரு ரூபாய்த் துட்டை எடுத்து அடியில இருந்து தட்டிக்கிட்டே வந்தேன். நல்ல இடத்துல 'டொக்'குன்னு கேட்டுச்சு, சில இடத்துல 'பொத்'துன்னு கேட்டுச்சு. அந்த இடத்துல உள்ள படலம் விட்டிருக்குன்னு அர்த்தம். எஞ்சின் மாட்டுற பின்பலகையில ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினா, வெந்த பனங்கிழங்குல இறங்குற மாதிரி இறங்குச்சு. "அண்ணாச்சி, குளத்துக்குத்தானே, இது போதும்"னாரு விக்கிறவரு. அது கடல் படகு, அடி கூர்மையா இருக்கும். இடுப்பளவு தண்ணியில தரை தட்டும், நின்னு வலை இழுத்தா ஆடும்.

அதை விட முக்கியம், தூக்குறது. மழை பெஞ்ச கரிசல்ல குட்டியானை வண்டி குளத்தங்கரை வரைக்கும் வராது. சக்கரத்துல மண்ணு அப்பி அங்கனயே நின்னுரும். ரோட்டுல இறக்கி ஆள்தான் தூக்கிட்டுப் போகணும். நாலு பேரு தூக்க முடியாத படகு இனாமாக் குடுத்தாலும் நமக்கு வேண்டாம்.

கடைசியா ஒரு வீட்டுப் பின்னாடி பத்தடிப் படகு கிடந்துச்சு. கரைக்கும் பெரிய படகுக்கும் ஆள் கொண்டுபோக வச்சிருந்ததாம். தட்டையான அடி. பார்க்க அசிங்கம், மூணு இடத்துல ஒட்டு, பெயின்ட்டே இல்ல. ஆனா ஒட்டு வெளியில தெரியுதே, அதுவே எனக்கு நம்பிக்கை. தட்டினா எல்லா இடமும் 'டொக்'. உள்ள பத்து குடம் தண்ணி ஊத்தி, டீ குடிச்சுட்டு வந்து பார்த்தோம். ஒரு இடத்துல மட்டும் கசிவு. ரெசினும் மேட்டும் வாங்கினா நாமளே ஒட்டிரலாம்னு அவரே சொல்லிக் குடுத்தாரு. பதினாலாயிரத்துக்கு முடிச்சோம். லைஃப் ஜாக்கெட் மட்டும் புதுசு. அதுல பழசு வாங்கக் கூடாதுன்னு அக்கா கண்டிசனாச் சொல்லிட்டா.

முதல் நாள் மருமகன் ஏறப் பயந்தான். நான்தான் கூட ஏறினேன். எனக்கு நீச்சல் சுமார்தான், அதை அவன்கிட்ட சொல்லல. மடைப் பக்கம் போகையில அடியில 'கிர்ர்'னு ஒரு கட்டை உரசுச்சு. ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ள தண்ணி வருதான்னு பார்த்தோம். வரல. "சரி மாமா, வலையைக் குடுங்க"ன்னான்.

இப்ப சித்திரை. குளம் வத்திருச்சு, படகு எங்க வீட்டு வேப்பமரத்து நிழல்ல கவுந்து கிடக்கு. வெயில் நேராப் பட்டா ஃபைபரும் கெட்டுரும்னு மேல பழைய சாக்கு போட்டிருக்கேன். அடியில கோழி ஒண்ணு முட்டை வைக்குது. நாலு பேரு பங்கு ஆளுக்கு மூவாயிரத்து ஐநூறு. ஒருத்தர் மட்டும் இன்னும் ஆயிரம் தரணும். அவரும் இதைப் படிப்பாரு.