பேரனாரின் சவரக்கத்தி

ஒவ்வொரு நாளும் பாடசாலைக்குப் புறப்படுமுன் என் பேரனாரின் சவரக்கத்தியால் முகம் மழித்துக்கொள்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. மற்றொருவருக்கு இது வெறுஞ் செய்தி. சவரத் தொழிலாளியின் பேரனுக்கோ இது வாக்குமூலம்.

என் பேரனார் ஐம்பதுகளின் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர். இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் கழனியாக்க அக்காலத்தில் வந்தோர் பலர். அவர்களுடைய மூட்டை முடிச்சுகளோடு ஊரின் பழைய ஒழுங்குகளும் வந்து சேர்ந்தன. அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு இவ்வளவு நெல் என்பதே பேரனாரின் ஊதியம். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அழைத்த நேரத்தில் அவர் போயாக வேண்டும். மறுக்கும் உரிமை அவருக்கு இல்லை. முற்றத்தில் நின்று தொழில் செய்யலாம், திண்ணையில் ஏறலாகாது. கத்தியோடு அவர் கை படுவதற்குத் தம் கழுத்தைக் கொடுத்தவர்கள், அவர் கால் படுவதற்குத் தம் திண்ணையைக் கொடுக்கவில்லை. இதற்குக் 'குடிமை' என்று பெயரிட்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதை மறைத்துவிட்டு எழுதுவது எனக்கு எளிது, ஆனால் நேர்மையாகாது. திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட அதே கத்தி, தனக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் முகத்தைத் தொட மறுத்தது. மறுக்கும்படி மேலிருந்தவர்கள் வைத்திருந்தார்கள் என்பது உண்மை. அதில் தமக்கொரு சிறு பெருமையும் இருந்தது என்று பேரனாரே முதுமையில் ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. தேநீர்க் கடைகளில் பேணிகள் வேறு வேறாகவே இருந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்ட பின்னரே பல கதவுகள் அசையத் தொடங்கின. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பேரனார் கிளிநொச்சிச் சந்தைப் பக்கத்தில் ஒற்றை நாற்காலியோடு ஒரு சலூன் திறந்தார். காசு தருபவர் எவரும் அந்த நாற்காலியில் அமரலாம். நெல்லுக்குப் பதில் காசு என்பது சிறிய மாற்றமாகத் தோன்றும். ஆனால் காசு வாங்கும் கைக்குக் கடையைப் பூட்டும் உரிமையும் உண்டு. அதை அவர் செவ்வாய்க்கிழமைதோறும் தவறாமல் செலுத்தினார்!

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது, அவர் தம் கத்திகள் இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பிஸ்கற் தகரத்தில் இட்டுக் கிணற்றடி முருங்கையின் கீழ்ப் புதைத்தார். இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்றார். அவர் திரும்பவில்லை. 2009இல் செட்டிகுளம் முகாமொன்றில் நரைத்த தாடியோடு கண்மூடினார். எத்தனையோ பேரைக் கடைசி யாத்திரைக்கு ஒழுங்குபடுத்தி அனுப்பிய அவருக்கு அதைச் செய்ய அங்கே ஒரு கத்தி இருக்கவில்லை.

மீளக்குடியேறிய பின் தகரத்தைத் தோண்டியெடுத்த அம்மா அதை எறியவுமில்லை, என்னிடம் தரவுமில்லை. நானும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த காலத்தில், "பேரனார் என்ன செய்தவர்?" என்று யாராவது கேட்டால், "கடை வைத்திருந்தவர்" என்பேன். அது பொய்யன்று, ஆயினும் உண்மையுமன்று.

2021 சனவரியில் டொமினிக் ஜீவா மறைந்தார். யாழ்ப்பாணத்தில் சலூன் தொழிலாளியாக இருந்தவர். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966 முதல் 'மல்லிகை' இதழை நடத்தியவர். அவரைப் பற்றி வகுப்பிலே உணர்ச்சியோடு பேசினேன். மாணவர்கள் கேட்டார்கள். பேசி முடித்தபோது என் குரலே எனக்குக் கூசியது. பிறர் வீட்டுக் கத்தியைப் புகழ்ந்தவன் தன் வீட்டுக் கத்தியைத் துருப்பிடிக்க விட்டிருந்தான். அன்று மாலை அம்மாவிடம் தகரத்தைக் கேட்டேன்.

இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். மேலிருந்த செந்துரு துணியோடு வந்தது. கருந்துருவோ உருக்கைத் தின்று குழியாக்கியிருந்தது. ஒரு கத்தியின் குழிகள் வாய் வரை வந்திருந்தன. தீட்டத் தீட்ட அதன் வாய் உதிர்ந்தது. அதைக் காப்பாற்ற வழியில்லை. மற்றதன் உடலில் மட்டும் தழும்புகள், வாய் தப்பியிருந்தது. வெடித்துப்போன கைபிடிக்குப் பதிலாக முதிரைப் பலகையில் புதியது செய்தேன்.

மோட்டார்ச் சாணையில் பிடித்தால் வேலை விரைவில் முடியுமென்று எண்ணினேன். சூடேறி உருக்கு நீலம் பாரித்தால் பதம் போய்விடும் என்று தடுத்தவர், நகரத்தில் இன்னும் தொழில் செய்யும் முதியவர் ஒருவர். தீட்டுக்கல்லில் என் கை போன போக்கைப் பார்த்துவிட்டு, "தம்பி, முதுகைத் தூக்காதையும். முதுகும் வாயும் ஒண்டாய்க் கல்லிலை படவேணும்" என்றார். சவரக்கத்தியின் சூட்சுமம் அதுவே. முதுகின் கனம்தான் வாய்க்குரிய சாய்வை அளந்து கொடுக்கிறது. கல்லில் வாய் முன்னே செல்லும். தோல்வாரில் முதுகு முன்னே செல்லும். மாற்றிச் செய்தால் தோலும் வெட்டுப்படும், கூரும் கெடும். கரடான கல்லில் தொடங்கி மென்மையான கல்லில் முடிக்க எனக்கு மூன்று வார இறுதிகள் சென்றன. பேரனாருக்கு இது அரைமணி நேர வேலை. "படிக்காத தொழில்" என்று இதனை அழைத்தவர்கள் ஒரு தடவை கல்லைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

துரு நீங்கிய கத்தியின் அடியில் 'சோலிங்கன்' என்ற பெயர் பாதியாகத் தெரிந்தது. அது கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஜேர்மன் நகரம். பிற இடங்களிற் செய்த பண்டங்களில் தம் ஊர்ப்பெயரைப் பொறிக்க முடியாதபடி 1938இலேயே அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அங்கே தொழிலின் பெயருக்குச் சட்டம் காவல் நிற்கிறது. இங்கே அதே தொழிலின் வினைச்சொல்லை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். மேனாடுகளில் பாட்டனாரின் சவரக்கத்தியைத் துலக்கிப் பயன்படுத்துவோர் அதைக் குடும்பப் பெருமையாகக் காட்டுகிறார்கள். அவர்களுடைய பாட்டனார் தம் முகத்தை மழித்தவர்; என் பேரனார் ஊரின் முகத்தை மழித்தவர். வேறுபாடு கத்தியில் இல்லை.

சலூன்களில் இப்போது ஆளுக்கொரு புதிய பிளேட். குருதி வழி தொற்றும் நோய்களை அறிந்த பின் அதுவே சரியான முறை. ஆகவே இந்தக் கத்தி இனி ஒரே முகத்துக்கு உரியது. ஊருக்குக் கட்டுண்டிருந்த கத்தி இன்று அதை வைத்திருப்பவனுக்கே தொழில் செய்கிறது. இதைப் பயன்படுத்தும்படி எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நெல்லளந்து தருவோரும் இல்லை. பேரனாருக்குக் கிடைக்காத அந்த ஒன்று, வேண்டுமென்றால் எடுப்பேன், வேண்டாமென்றால் வைப்பேன் என்பது, எனக்கு இருக்கிறது.

சென்ற ஆண்டு ஆசிரியர் அறையில், கணக்கிற் பிழைவிட்ட ஒரு பையனைப் பார்த்து ஒருவர், "நீ சிரைக்கத்தான் போவாய்" என்றார். பலர் சிரித்தார்கள். முன்பும் இதைக் கேட்டிருக்கிறேன். முன்பு நானும் புன்னகைத்திருக்கிறேன். அன்று என் தாடையில் காலையில் பட்ட சிறு வெட்டு எரிந்துகொண்டிருந்தது. "என் பேரனார் சிரைத்தவர். அந்தக் காசிலேதான் என் தகப்பன் பள்ளிக்கூடம் போனார்" என்றேன். சிரிப்பு நின்றது. யாரோ மின்விசிறியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பையன் மட்டும் என்னைப் பார்த்தபடி நின்றான்.

அச்சொல் நான் இருக்கும்போது அவ்வறையில் இப்போது கேட்பதில்லை. நான் இல்லாதபோது கேட்கிறது என்று அறிகிறேன். ஒரு வாக்கியத்தால் அது தீர்ந்துவிடுமென்று நானும் எண்ணவில்லை. வன்னியின் மாரிக் காற்றில் உருக்கு ஓரிரவிலே செம்மை பூக்கும். ஆகையால் ஒவ்வொரு காலையும் கத்தியைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி வைக்கிறேன். அதன் பின்னரே பாடசாலைக்குப் போகிறேன்.