தேய்ந்த மண்வெட்டி

சிறு துரும்பும் பல்லுக் குத்த உதவும் என்பர் பெரியோர். தேய்ந்த மண்வெட்டி எதற்கு உதவும் என்ற வினா அண்மையில் எமது இல்லத்தில் எழுந்தது. அதற்கு விடை கண்ட கதையை இப்பகுதியை வாசிக்கும் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்திலே ஐம்பது ஆண்டுகள் பாடுபட்டவர் எமது தந்தையார். அவர் மறைந்தபின் அவருடைய கருவிகள் மாட்டுக்கொட்டிலின் மூலையிலே துருவேறிக் கிடந்தன. இரண்டு மண்வெட்டிகள், முனை முறிந்த அரிவாள், பல் வளைந்த முள்ளுக்கரண்டி, அடி ஓட்டையான பூவாளி ஆகியனவே அவர் விட்டுச்சென்ற இரும்புச் செல்வம். பழைய இரும்பு வாங்குபவர் படலையில் நின்று குரல் கொடுத்தபோது, நிறுத்துக் கொடுத்துவிடலாமென்றே முதலில் எண்ணினோம்.

அப்போது ஓவியர் பிக்காசோவின் நினைவு வந்தது. 1951-52ஆம் ஆண்டுகளில் அவர் ஆக்கிய நாரைச் சிற்பத்தில் வாலாக அமைந்தது ஒரு சவள். பாதங்களாக அமைந்தவை உணவு மேசை முட்கரண்டிகள். சண்டிகரிலே வீதிப் பரிசோதகராயிருந்த நேக் சந்த், 1957இல் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் சேர்த்துத் தொடங்கிய வேலை, 1976இல் ஊரார் கண்டு களிக்கும் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அவர்கள் பெருங் கலைஞர்கள்; ஆயினும் எமக்கும் ஆசை விட்டபாடில்லை.

கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்தோம். குழந்தைகள் நடமாடும் வீடாகையால் கூரிய விளிம்புகளை அரத்தால் மழுக்கினோம். முள்ளுக்கரண்டியைத் தலைகீழாக நட்டு, இரண்டு சுரைகளைக் கண்ணாக வைத்ததும், மயிர் சிலிர்த்த மனிதன் ஒருவன் எழுந்து நின்றான். பூவாளியின் வாயிலே கண்ணாடி மணிகளைக் கம்பியிற் கோத்துத் தொங்கவிட, ஓயாது நீர் சொரிவது போலாயிற்று. அதன் அடி ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. மழைநீர் தேங்கினால் அழகுடன் டெங்கு நுளம்பும் வளருமன்றோ! ஒரு மண்வெட்டியின் தகடு உடலாகவும், அரிவாள் கழுத்தாகவும், இரு கம்பிகள் காலாகவும் இரும்பு ஒட்டுபவரின் கைவண்ணத்தால் ஒரு கொக்குப் பிறந்தது. அதற்குத் துணையாக மற்றொரு கொக்கு வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டனர்.

எஞ்சிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது எமது தாயார் வழிமறித்தார்.

"உங்கடை படிப்பெல்லாம் அது கொத்தித் தந்தது, தம்பி. அதை வெட்டிப் பகிடிச் சாமானாக்காதை."

அப்போதுதான் அதை உற்று நோக்கினோம். ஒரு சாண் நீளமிருந்த தகடு நான்கு விரற்கடையாகக் குறுகியிருந்தது. ஒரு மூலை மற்றதைவிட மிகுதியாகத் தேய்ந்திருந்தது. எம் தந்தையார் இடக்கைப் பழக்கமுடையவர். அவருடைய கைவாகை அந்த இரும்பு மறவாமல் வைத்திருந்தது. பிடியோ, அவர் உள்ளங்கை பட்டுப்பட்டுக் கண்ணாடிபோல் வழுவழுத்திருந்தது. இத்தனை ஆண்டுகளாக நாம் காணாததை எழுத்தறியாத எம் தாயார் கண்டிருந்தார். நாம் நாணினோம்.

அம்மண்வெட்டியை வெட்டவில்லை, வர்ணமும் பூசவில்லை. எண்ணெய் மட்டும் தடவிக் கிணற்றடி மல்லிகைப் பந்தலின் காலிற் சார்த்தி வைத்தோம். கொக்கைக் கண்டு சிரிக்கும் பேரப்பிள்ளைகள் அங்கே வந்ததும், "இது ஏன் ஒரு பக்கம் தேய்ஞ்சிருக்கு?" என்று கேட்கின்றனர். எம் தாயார் திண்ணையிலிருந்தபடியே கதையைத் தொடங்கிவிடுகின்றார்.

உங்கள் வீட்டு மூலையிலும் இத்தகைய கருவிகள் கிடக்கலாம். அவற்றைக் கொக்காக்குங்கள், மயிலாக்குங்கள். முற்றத்தில் சிரிப்பு மலரட்டும். ஆனால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை, அது யாருடைய கையால் தேய்ந்ததென்று வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டுவிடுங்கள்.