மூன்று மிடறு



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் பீர் சுவைத்த கதையை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். மறைப்பது நேர்மையன்று எனத் தோன்றியதால் எழுதுகிறேன்.

கடந்த டிசம்பர் விடுமுறையில் மெல்பர்ன் சென்றிருந்தேன். அங்கே என் முன்னாள் மாணவன் சிறியதொரு பீர் ஆலையில் பணிபுரிகிறான். உணவுத் தொழிற்சாலையில் வேலை என்றே ஊரில் சொல்லியிருந்தான். "ஆறாம் ஆண்டில் 'மதுவின் தீமைகள்' கட்டுரைக்கு நீங்கள்தான் எனக்கு முதல் பரிசு கொடுத்தீர்கள், சார். எப்படிச் சொல்வேன்?" என்று தலைகுனிந்தான்.

டிசம்பர் அங்கே கோடைக்காலம். அப்பருவத்துக்கென்றே வடித்த பீரைச் சிறு கண்ணாடிக் குவளையில் நீட்டினான். 'ஒயிட் ஐபிஏ' என்பது அதன் வகை. ஏல் எனப்படும் பீரில் இரு வேறு மரபுகளை இணைத்தது. ஒன்று, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் இட்டு வடிக்கும் பெல்ஜியக் கோதுமை பீர். ஹூகார்டன் என்னும் ஊரில் 1950களில் வழக்கொழிந்த அதனை, பியேர் செலிஸ் என்ற பால்காரர் 1966இல் மீட்டெடுத்தார். மற்றொன்று இந்தியா பேல் ஏல். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய பீர் அது. நெடும்பயணத்தில் கெடாதிருக்க, கைப்புத் தரும் ஹாப்ஸ் பூவை அதில் மிகுதியாகச் சேர்த்தனர். 2010ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் இவ்விரண்டையும் இணைத்து வடிக்கத் தொடங்கினர்.

"இரண்டு பீரை ஒரே குவளையில் ஊற்றிக் கலப்பதில்லை, சார். ஒன்றன் கோதுமையும் மல்லியும், மற்றதன் ஹாப்ஸும் ஒரே வடிப்பில் சேர வேண்டும். ஒன்றை ஒன்று அமுக்கிவிடக் கூடாது" என்றான். வகுப்பில் வாய் திறக்காத பையன் அவன். அன்று ஓர் ஆசிரியனைப் போல் விளக்கினான்.

முதல் மிடற்றில் அம்மா அம்மியில் மல்லி நுணுக்கும் மணம் எழுந்தது. இரண்டாவதில் ஆரஞ்சின் மெல்லிய இனிப்பு. மூன்றாவதில் பம்பளிமாஸ் பழத்தின் வெள்ளைத் தோலைக் கடித்தாற்போன்ற கைப்பு நாவில் தங்கியது. அதன் அடியில் வேறொரு மணம் இருந்தது. புளிப்பேறிய மணம். அது என் அப்பாவின் சட்டை மணம்.

தோட்டத்தில் சம்பள நாள் மாலைகளில் அம்மா என்னைக் கள்ளுக்கடைக்கு அனுப்புவார். உள்ளே போக அஞ்சி வாசலிலேயே நிற்பேன். காலையில் இறக்கிய கள் இனிக்கும், மாலைக்குள் புளிக்கும். அப்பாவும் அப்படித்தான். காலையில் என்னைத் தோளில் சுமந்தவர், இரவில் என் பெயரை மறந்திருப்பார்.

குவளையைக் கீழே வைத்துவிட்டேன். மாணவன் வற்புறுத்தவில்லை. "நாங்கள் சுவைத்துக் குறிப்பெழுதுவோம், சார். வேலை நேரத்தில் ஒரு குவளையை முழுதாகக் குடிப்பதில்லை. என் அப்பாவை நான் மறக்கவில்லை" என்றான். அவன் அப்பாவும் குடிப்பவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறு ஆண்டுகள் என் பள்ளியில் படித்த பிள்ளை!

விமானத்தில் திரும்பும்போது அந்தக் கட்டுரையே மனத்தை அறுத்தது. முன்னுரை, கருத்து மூன்று, முடிவுரை. பிள்ளைகள் மனனம் செய்து எழுதினார்கள், நான் புள்ளியிட்டேன். அவனும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

விடுமுறை முடிந்ததும் ஆறாம் ஆண்டு வகுப்பில் அத்தலைப்பைக் கரும்பலகையில் எழுதவில்லை. கள்ளுக்கடை வாசலில் நின்ற சிறுவனைப் பற்றிச் சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று. மணியடித்த பின்னும் ஒரு மாணவி புத்தகப் பையைத் தோளில் மாட்டாமல் அமர்ந்திருந்தாள். நானும் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன்.

குடியின் தீமையைப் பல பிள்ளைகள் நாம் சொல்லித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நாம் இருப்போமா?