விருந்தினருக்கு எவ்வளவு நினைவகம்?

மட்டாஞ்சேரியில் ஒரு வாடகை அறை. 8 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு மடிக்கணினி. அந்த ஆய்வு மாணவியின் ஆய்வுக்கூடம் அவ்வளவே. ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலக்கும் முறை அவரது ஆய்வுப் பொருள். ஒலிப்பதிவையும் அதன் எழுத்து வடிவையும் சொல் சொல்லாகப் பொருத்துவதற்குக் கால்டி என்னும் மென்பொருளை நாடினார். அது லினக்ஸில் இயல்பாக ஓடுவது. அவரிடம் இருந்ததோ விண்டோஸ். ஆகவே விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் உபுண்டுவைக் குடியேற்றினார்.

எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று அமைப்புத் திரை கேட்டது. ஆய்வுக்குழு கூட ஒரு வாரமே இருந்தது. வேலை செய்வது உபுண்டுதானே என்று, பச்சைப் பகுதியைத் தாண்டி 6 ஜிபிக்கு நகர்த்தினார்.

பிழை அங்கேதான் தொடங்கியது. மெய்நிகர் கணினி ஓடும்வரை அதற்கு ஒதுக்கிய நினைவகம் ஹோஸ்டுக்கு, அதாவது விருந்தளிக்கும் விண்டோஸுக்கு, இல்லாமற்போகிறது. எஞ்சிய 2 ஜிபியில் விண்டோஸும், உலாவியும், ஆய்வேட்டுக் கோப்பும் நெருக்கியடித்தன. இடம் போதாத ஹோஸ்ட், நினைவகப் பக்கங்களை வன்வட்டுக்குத் தள்ளுவதும் மீட்பதுமாக அலைந்தது. உபுண்டுவின் வட்டும் அதே வன்வட்டில் உள்ள ஒரு கோப்புதான். தாராளமாக நினைவகம் பெற்ற விருந்தினர், எழுத இடமின்றிக் காத்துக் கிடந்தார். நள்ளிரவில் திரை உறைந்தது. அவர் மின்பொத்தானை அழுத்தி அணைத்தார். மறுநாள் உபுண்டுவின் கோப்பு முறைமை சிதைந்திருந்தது.

மூல ஒலிப்பதிவுகள் தனி வட்டில் இருந்ததால் தப்பின. ஆனால், ஒரு மூதாட்டியின் பேச்சில் ஒவ்வொரு சொல்லின் எல்லையையும் காதால் கேட்டு மூன்று நாள் திருத்திய வேலை போயிற்று.

விடுபட்ட சில சொற்களைக் கேட்டறிய அவர் மீண்டும் தோபி கானாவுக்குச் சென்றார். அங்கே துவைக்கும் தொட்டிகள் தனித்தனி. உலர்த்தும் திடல் பொது. தம் துணி உலர்ந்ததா என்பதை அவரவரே அறிவர். அவர்கள் எடுத்த பின்னரே அடுத்தவரின் ஈரத்துணிக்குக் கயிறு கிடைக்கிறது.

கணினியியலும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் விருந்தினருக்குத் தேவையற்றது என்பது ஹோஸ்டுக்குத் தெரியாது. விஎம்வேரில் பணியாற்றிய கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002இல் வெளியிட்ட கட்டுரை ‘பலூன்’ என்னும் உத்தியை விளக்கியது. விருந்தினருக்குள் இருக்கும் சிறு இயக்கி பலூன் போல விரிந்து நினைவகத்தைக் கேட்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை விருந்தினரே முடிவுசெய்வார். விடுவிக்கப்பட்டது ஹோஸ்டுக்குத் திரும்பும். இன்று லினக்ஸின் கேவிஎம்மிலும் இவ்வழி உண்டு.

அவரது சிறு கணினிக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. உபுண்டுவுக்கு 4 ஜிபி ஒதுக்கினார், உலாவியை மூடினார், கால்டியின் இணைப்பணிகளை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்தார். ஒவ்வொரு பணியும் தனியே நினைவகம் உண்பது. பங்கைக் கூட்டுவதைவிடப் பசியைக் குறைப்பதே பயன் தந்தது. இரு பக்கமும் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதை ஓடும்போதே அளந்து பார்த்தார். ஒவ்வொரு மாலையும் திருத்தங்களை வெளிவட்டில் படியெடுத்தார்.

பொருத்தம் மெதுவாகவே நடந்தது, ஆனால் முடிந்தது. விருந்தளிப்பவர் பட்டினி கிடக்கும் வீட்டில் விருந்தினர் இலையும் நிறைவதில்லை.