முன்பாரம்

ரேஸ் பைக்குக்கு விளக்கு கிடையாது, கண்ணாடி கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. டிராக்குக்குள் விட்டால் பறக்கும். டிராக் வாசல்வரை தானாக ஓடிவர அதற்கு அனுமதி இல்லை. யாராவது சுமந்து வர வேண்டும். கோவையில் பந்தயம் ஓட்டும் பையன்கள் இதற்குக் குட்டி யானை என்கிற சின்ன லாரியைத்தான் வாடகைக்குப் பிடிப்பார்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே வரைக்கும் என்றால் அது போதும். சென்னைக்கு முன்னால் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை டிராக் என்றால் போக ஒரு நாள், அங்கே இரண்டு நாள், திரும்ப ஒரு நாள். சும்மா நிற்கிற வண்டிக்கும் வாடகை ஓடும். அக்கா மகன் மூன்று முறை இப்படிப் போய்வந்துவிட்டு ஒரு நாள் பட்டறையில் வந்து நின்றான்.

"மாமா, நம்ம பொலீரோ பின்னால மாட்டற மாதிரி ஒரு டிரெய்லர் அடிச்சுக் குடுங்க. உங்களுக்கு ரெண்டு நாள் வேலைங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். கணபதியில் இருபது வருடமாகப் பட்டறை. கேட்டு, கிரில், தறிக்கூடத்துக் கூரை என்று அடித்த கைக்கு நாலு சதுரக் குழாய், ஒரு அச்சு, இரண்டு சக்கரம் ஒரு வேலையா என்கிற தெனாவட்டு.

முதல் டிரெய்லருக்கு ஆட்டோ சக்கரம் போட்டேன். மலிவு, எங்கும் கிடைக்கும், தளம் தாழ்ந்து நிற்பதால் பைக்கை ஏற்றுவதும் சுலபம். கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. அந்த 8 இஞ்ச் ரிம் டயர் ஒரு சுற்று உருண்டால் 1.3 மீட்டர் போகும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டர். ஆக சக்கரம் நிமிடத்துக்கு 770 சுற்று, அதுவும் மணிக்கணக்கில் நிற்காமல். ஊருக்குள் சவாரிக்குச் சவாரி நின்று போகிற ஆட்டோவின் பேரிங்குக்கு இந்த ஓட்டம் பழக்கமில்லை. பெருந்துறை தாண்டி டீக்கு நிறுத்தியபோது ஹப்பைத் தொட்டேன். தொட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டேன். கிரீஸ் உருகி ரிம்முக்கு உள்ளே வழிந்திருந்தது. அன்றைக்குப் பந்தயம் போச்சு.

அடுத்த முறை ஆம்னி வேனின் 12 இஞ்ச் சக்கரம். அதே வேகத்தில் 600 சுற்றுக்குள் முடிந்துவிடும். 40 மில்லி சதுர இரும்பை அச்சாக வைத்து, இரண்டு முனையையும் லேத்தில் கடைந்து, பக்கத்துக்கு இரண்டு டேப்பர் பேரிங் போட்டோம். கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு லேத்து இருக்கிற சௌகரியம் இதற்குத்தான். டேப்பர் பேரிங்கை இறுக்குவதில் ஒரு பக்குவம் உண்டு. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை முழுக்க இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, சக்கரம் ஆடாமலும் முரண்டு பிடிக்காமலும் சுற்றுகிற இடத்தில் காட்டர் பின் அடிக்க வேண்டும். மாட்டு வண்டியில் கடையாணி செய்த வேலையை இங்கே அந்தச் சின்னக் கம்பி செய்கிறது.

ஸ்பிரிங்கும் ஆம்னியின் பின் பட்டைதான். வேன் நிறைய ஆட்களைச் சுமக்கச் செய்த பட்டை, ஒற்றை பைக்குக்கு அசைந்தே கொடுக்காது. காலி டிரெய்லர் ஒவ்வொரு வேகத்தடையிலும் தவளை மாதிரி எகிறியது. பட்டைக்கட்டைப் பிரித்து ஒன்றை உருவிப் போட்டேன், டயர் காற்றையும் 22 பவுண்டுக்கு இறக்கினேன். எகிறல் அடங்கியது. ஸ்பிரிங் பட்டையில் வெல்டு வைக்கவே கூடாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பதம் ஏற்றிய இரும்பு அது. சூடு பட்ட இடத்தில் பதம் கெட்டு ஒரு நாள் பொட்டென்று ஒடியும். யூ போல்ட் போட்டுத்தான் கட்ட வேண்டும்.

சட்டகம் ஏழு அடிக்கு நாலு அடி. 50 மில்லி சதுரக் குழாய், கனம் 3 மில்லி. மீட்டருக்கு நாலேகால் கிலோ வரும். பத்தாம் நம்பர் ராடு. பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்கள் ஒரு மூலையை முழுக்க அடித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த மூலைக்குப் போவார்கள். வெல்டு ஆறும்போது இரும்பை இழுக்கும். அப்படி அடித்தால் சட்டகம் தரையில் மூன்று காலில்தான் நிற்கும். முதலில் எல்லா மூலையிலும் பொட்டு வைத்து, மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து, வித்தியாசம் 2 மில்லிக்குள் வந்த பிறகே எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். வீட்டு கேட்டு கோணலானால் தாழ்ப்பாள் சேராது, அவ்வளவுதான். டிரெய்லரில் சட்டகத்துக்கும் அச்சுக்கும் நேர் தப்பினால் அது காருக்குப் பின்னால் நண்டு மாதிரி ஒருச்சாய்த்து வரும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். குழாயின் வாயை எல்லாம் தகடு வைத்து அடைத்தேன். திறந்து விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே தங்கி, ரெட் ஆக்சைடு எட்டாத இடத்திலிருந்து அரிக்கும்.

இவ்வளவும் இரும்பு வேலை. என் கைக்குத் தெரிந்தது. தெரியாதது தொப்பூரில் வந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் முடித்து வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மருமகன் ஓட்ட, நான் பக்கத்தில். தொப்பூர் கணவாய் இறக்கம் தொடங்குகிற இடம், முள் எழுபதைத் தாண்டியிருந்தது. பின்னால் யாரோ சீட்டைப் பிடித்து மெல்ல ஆட்டுகிற மாதிரி ஓர் அசைவு. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் இடதும் வலதுமாக வால் ஆட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தைய ஆட்டத்தைவிட அகலம். பொலீரோவின் பின்பக்கமும் அதோடு சேர்ந்து நெளிய ஆரம்பித்தது. பின்னால் லாரி.

"பிரேக்கத் தொடாத. ஸ்டீயரிங்க ஆட்டாத, நேராப் புடி. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடு."

எனக்கு எப்படி அது வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவன் சொன்னபடி செய்தான். பிரேக் அடித்திருந்தால் கார் நின்றிருக்கும், டிரெய்லர் நின்றிருக்காது. பக்கவாட்டில் தள்ளிக் காரைத் திருப்பிப் போட்டிருக்கும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கை எப்போதும் ஒரு தாளம் பிந்தும், ஆட்டம் கூடத்தான் செய்யும். வேகம் ஐம்பதுக்கு இறங்க இறங்க வாலாட்டம் தானாக அடங்கியது. லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டிப் போனார். அவர் திட்டியது நியாயம்தான்.

ஓரங்கட்டி இறங்கினோம். சக்கரம் சரி, நட்டு சரி, ஸ்பிரிங் சரி. டிரெய்லரைக் காரோடு மாட்டும் கப்ளிங்கைக் கழற்றித் தூக்கிப் பார்த்தேன். இரண்டு விரலில் எழும்பியது. அப்போதுதான் அப்பாரு, என் தாத்தா, ஞாபகம் வந்தார்.

அப்பாருவுக்கு மாட்டு வண்டி இருந்தது. ஈரோட்டு மண்டிக்கு மஞ்சள் மூட்டை ஏற்றும்போது என்னைக் கூட வைத்துக்கொள்வார். நாலு மூட்டை ஏறியதும் மாடு பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியைக் கையால் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். "பின்பாரமாக் கெடக்குது கண்ணு, ஒரு மூட்டைய முன்னால தள்ளு" என்பார். பின்பாரம் என்றால் ஏர்க்கால் மேலே எழும்பி, மாட்டின் கழுத்தைப் பூட்டாங்கயிறு இறுக்கும். முன்பாரம் அதிகமானால் கழுத்தில் நுகம் அழுந்தி மாடு சுருண்டுவிடும். கழுத்தில் கொஞ்சமாக, கொஞ்சமே கொஞ்சமாக, பாரம் உட்கார வேண்டும். எவ்வளவு என்பதற்கு அவரிடம் எண் கிடையாது, கைதான்.

எண் எனக்குக் கிடைத்தது. டிரெய்லரும் பைக்கும் சேர்ந்த மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கப்ளிங் மேல் விழ வேண்டும். எங்கள் டிரெய்லர் 190 கிலோ, பைக் 140, ஆக 330. கப்ளிங்கில் 33 கிலோ வேண்டும். கப்ளிங்கிலிருந்து அச்சு 2.6 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது மொத்தப் பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு 26 சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். அதனால்தான் அச்சைத் தளத்தின் நட்டநடுவில் வைக்கக் கூடாது, கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும். கட்டும்போது பக்கத்துப் பட்டறையின் டிராக்டர் டிரெய்லரைப் பார்த்து, காரணம் தெரியாமலே அப்படித்தான் வைத்திருந்தேன். போகும்போது 33 கிலோ சரியாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பும்போது மருமகன் இரண்டு காரியம் செய்திருந்தான். கூடாரத் துணிக்கு முன்னால் இடம் வேண்டும் என்று முன் சக்கரத்தைக் கவ்வும் வளையத்தைக் கழற்றி ஒரு அடி பின்னால் மாட்டியிருந்தான். பைக் 30 சென்டிமீட்டர் நகர்ந்ததில் கப்ளிங்கில் 16 கிலோ போயிற்று. ஸ்பேனர் பெட்டி, 35 கிலோ, எடுக்க வசதியாக வால் பக்கம் வைத்திருந்தான், அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால் உட்கார்ந்து அது இன்னும் 11 கிலோவைத் தூக்கிவிட்டது. மிச்சம் 6 கிலோ. அப்பாரு பார்த்திருந்தால் மாடு பூட்டியிருக்கவே மாட்டார்.

அந்த வளையம் இப்போது தளத்தோடு வெல்டு. பெட்டி கப்ளிங்குக்கும் தளத்துக்கும் நடுவே, ஏர்க்கால் மேலே. எந்தப் பையன் நினைத்தாலும் நகர்த்த முடியாது.

பைக்கைக் கட்டுவது தனிக் கலை. சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குலுங்கக் குலுங்க ஸ்டாண்டு வளைந்து பெல்ட் தொய்ந்துவிடும். ஸ்டாண்டை மடக்கி, வண்டியை நேராக நிறுத்தி, நாலு ராட்செட் பெல்ட். முன்னால் இரண்டும் ஹேண்டில் பாரில் அல்ல, ஃபோர்க்கைப் பிடிக்கிற கீழ்க் கிளாம்பில். இறுக்கும்போது முன் ஷாக் பாதிவரை அமுங்கலாம், முழுக்க அமுங்கக் கூடாது. அமுக்காமல் விட்டால் பள்ளத்தில் ஷாக் இறங்கும் நேரத்தில் பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுகொள்ளும். முழுக்க அமுக்கினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் ஆயில் சீல் கசியும். கிளம்பிப் பத்துக் கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி இறுக்கிப் பார்ப்பேன். முதல் பத்தில்தான் எல்லாம் தளரும்.

ஏற்றும் பலகை இரண்டு மீட்டர் நீளம், தளத்தின் உயரம் அரை மீட்டர். இதைவிடக் குட்டையாகப் போட்டால் பைக்கின் வயிறு விளிம்பில் தட்டும். பலகையைத் தளத்தோடு சங்கிலியால் கட்டாமல் ஏற்றினால் பின் சக்கரம் அதைப் பின்னால் உதைத்துத் தள்ளிவிடும், பைக்கோடு நீங்களும் தரையில்.

லைட்டில் எனக்கு ஒரு வாரம் வீணானது. இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கச் சிவப்பும் சேர்ந்து கண் சிமிட்டியது. எர்த்துக்குத் தனி வயர் இழுக்காமல் கப்ளிங் உருண்டையின் இரும்பையே நம்பியிருந்தேன். அங்கே கிரீஸும் தூசியும். தனி வயர் ஒன்று, பத்து ரூபாய் வேலை. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும் என்பதும் பிந்திக் கற்றதே. கப்ளிங் கழன்றால் ஏர்க்கால் ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் தொட்டில் மாதிரி விழும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரும் அடங்கும். எஞ்சின் இல்லாவிட்டாலும் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இரும்பு வேலையைவிடக் காகித வேலை நீளம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ரிவர்ஸ் எடுப்பது மருமகனுக்கு இன்னும் வராது. காரை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகும், அதுவும் குட்டை டிரெய்லர் என்றால் நினைப்பதற்குள் மடங்கிவிடும். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்று சொல்லிக் கொடுத்தேன். கழற்றிக் கையால் தள்ளுவது சுலபம் என்கிறான்.

இப்போது அவனுடைய கூட்டாளி ஒருவன் இரண்டு பைக் ஏற்றும் டிரெய்லர் கேட்கிறான். ஹேண்டில் பார் இரண்டும் இடிக்காமல் இருக்க ஒன்றை முன்நோக்கியும் மற்றதைப் பின்நோக்கியும் நிறுத்த வேண்டும். ஒரு பைக்கோடு மட்டும் போகிற நாளில் பாரம் ஒரு பக்கம் சாயாமல் இருக்க நடுவில் மூன்றாவது தடமும் வேண்டும். தடம் மூன்றானால் எடை கூடும், எடை கூடினால் அச்சு மறுபடி நகரும். பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்து வைத்திருக்கிறேன். அச்சுக் கோட்டை மட்டும் இரண்டு தடவை அழித்தாயிற்று.