அத்தையின் ஒன்பது முனை

'ஸீரியல்' என்றவுடன் உங்களுக்கு டெலிவிஷன் ஞாபகம் வரும். இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறவர்களாக இருந்தால், சென்ற வாரம் கதாநாயகியைக் கிணற்றங்கரையில் நிறுத்திவிட்டுப் போன தொடர்கதை ஞாபகம் வரும். நான் சொல்ல வந்த ஸீரியல் இரண்டும் அல்ல. கம்ப்யூட்டரின் முதுகுப்புறத்தில் இருக்கும் – இருந்த, என்று சொல்வதுதான் சரி – ஒன்பது முனை கொண்ட ஒரு சின்ன வாய். அதற்கு ஸீரியல் போர்ட் என்று பெயர். அந்த வாய் இல்லாமல் போனதால் என் அத்தையின் பிழைப்பே சென்ற மே மாதம் ஆட்டம் கண்டது. ஆட்டம் காண வைத்த புண்ணியவதி அடியேன்தான்.

குரோம்பேட்டையில் இருக்கும் அத்தையிடம் ஒரு எம்பிராய்டரி மெஷின் இருக்கிறது. மாமா காலமான மறு வருஷம், இரண்டு ஜோடி வளையலை விற்று, செகண்ட் ஹாண்டில் வாங்கியது. ஒன்பது ஊசி. பள்ளிக்கூடச் சட்டைப் பைக்கு முத்திரை போட்டுக் கொடுப்பதுதான் முக்கிய வருமானம். உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். அத்தை ஒரு நாள் சும்மா இருந்தால் அந்த இரண்டு வீட்டிலும் அன்று சம்பளம் இல்லை.

மெஷினுக்கு வயதாகிவிட்டது. ஃபிளாப்பி போடுகிற இடம் தூசி அடைத்து என்றோ உயிரை விட்டது. ஞாபகத்தைக் காக்கிற பாட்டரியும் போய்விட்டது; ராத்திரி ஸ்விட்சை அணைத்தால், நேற்றுப் போட்ட முத்திரை காலையில் மெஷினுக்கு மறந்து போகும். ஆகவே தினமும் காலையில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வயர் வழியாக முத்திரையை மறுபடி ஓதியாக வேண்டும். அந்த வயர் போய்ச் சேருகிற இடம்தான் நான் சொன்ன ஒன்பது முனை.

ஏப்ரல் கடைசியில் அத்தையின் பழைய கம்ப்யூட்டர் புகைந்தது. "கவலைப்படாதீங்க அத்தை, நான் புதுசு வாங்கித் தரேன்" என்று பெருமையாகச் சொன்னேன். சம்பாதிக்கிற பெண் அல்லவா! பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லிப் புதியதில் ஏற்றியும் கொண்டு வந்தேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதுப் பெட்டியின் பின்பக்கத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் சரிடி கண்ணு. என் வயரைச் சொருகற இடம் எங்கே?"

இல்லை! யூ.எஸ்.பி. வாய் மட்டும் அரை டஜன் இருந்தது. ஜூன் முதல் வாரத்துக்குள் நானூறு முத்திரை கொடுப்பதாக ஒரு பள்ளிக்கூடத்தில் அத்தை அட்வான்ஸ் வாங்கியிருந்தாள்.

இந்த ஸீரியல் விவகாரம் இன்று நேற்று வந்ததல்ல. ஆர்.எஸ்.-232 என்ற இதன் சட்டதிட்டம் 1960-ல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. ஐ.பி.எம். கம்பெனி 1984-ல் கொண்டுவந்த கம்ப்யூட்டரோடு ஒன்பது முனை வாய் பிரபலமாயிற்று. 1996-ல் யூ.எஸ்.பி. பிறந்ததும் இதற்கு இறங்குமுகம். அதற்காகச் செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மளிகைக் கடைத் தராசு, பில் அடிக்கிற மெஷின், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக் கருவி, தொழிற்சாலைக் கடைசல் இயந்திரம் என்று எத்தனையோ இடத்தில் இன்றும் இது உழைத்துக் கொண்டிருக்கிறது.

வேலை செய்கிற விதமும் எளிதுதான். ரேஷன் கடை வரிசை மாதிரி, தகவல் ஒற்றை வயரில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதனால்தான் ஸீரியல். எட்டு எட்டு பிட்டாகக் கட்டி, துணைக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று அனுப்புவார்கள். விநாடிக்கு 9,600 பிட் என்றால் 960 எழுத்து போய்ச் சேரும். அத்தையின் மெஷினுக்கு ஒரு தையலுக்கு மூன்று எழுத்து. எட்டாயிரம் தையல் கொண்ட முத்திரைக்கு இருபத்தைந்து விநாடி. அத்தை அதற்குள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். யூ.எஸ்.பி.யில் ஒரு முனை, மறுபக்கம் ஒன்பது முனை கொண்ட மாற்று வயர் ஒன்றை மலிவாக வாங்கி வந்தேன். வேலையும் செய்தது! அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், பள்ளிக்கூடத்து முத்திரையில் குத்துவிளக்கு ஒரு பக்கம் நிற்கிறது, சுடர் சட்டைப் பையைத் தாண்டி மார்புக்கு நடுவில் எரிகிறது.

காரணம் பிற்பாடுதான் விளங்கிற்று. ஒன்பது முனையில் மூன்றாவது பேசும், இரண்டாவது கேட்கும். ஏழும் எட்டும் "கொஞ்சம் பொறு", "சரி, அனுப்பு" என்று ஜாடை காட்டுவதற்கு. கிழ மெஷின் பொறு என்று கை காட்டியதை என் மலிவு வயர் சட்டை செய்யவில்லை. கொட்டிக்கொண்டே போனதில் நடுவில் சில எழுத்துக்கள் சிந்திவிட்டன. ஒவ்வொரு தையலும் முந்தின தையலிலிருந்து இவ்வளவு தள்ளி என்றுதான் கணக்கு. ஒன்று தப்பினால் மீதி அத்தனையும் இடம் பெயர்ந்துவிடும். நல்ல வயராக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள்; இருக்கலாம். மூன்று சட்டை பாழான பிறகு அத்தை எந்த வயரையும் கிட்டே விடுவதாக இல்லை.

புது மெஷின் விலை விசாரித்தேன். சொன்ன தொகையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். "அத்தை, இந்த மெஷினைப் போட்டுவிட்டுப் பேசாமல் என்னோடு வந்துவிடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அத்தை பதில் சொல்லவில்லை. மெஷின் மேல் துணியைப் போர்த்தினாள். அவளை அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த வார்த்தையை ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

மறுநாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோடுக்கு ஒட்டிய அந்தச் சந்தில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமான் இல்லை. நாலு கடையில் "அதெல்லாம் இப்போ வராது மேடம்" என்றார்கள். ஐந்தாவது கடையில், மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் கேட்டான்: "பெட்டியைத் திறந்து பார்த்தீங்களா மேடம்?"

திறக்கவே இல்லை! முதுகில் வாய் இல்லாவிட்டாலும், உள்ளே மதர்போர்டில் அதன் வேர் இருக்கக்கூடுமாம். ஓரமாக இரண்டு வரிசை ஊசி – பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று குறைந்து ஒன்பது – பக்கத்தில் 'காம்' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. வாயைத் தகரத்தில் பொருத்தி வயரோடு விற்கிறார்கள்; ஊசியில் மாட்டி, தகரத்தைப் பெட்டியின் பின்பக்கத்தில் திருகிவிட்டால் முடிந்தது. "ஊசி இல்லைன்னா பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு போடலாம். ஆனா பழைய ப்ரோகிராம் சிலது முதல் நம்பர் போர்ட்டைத்தான் தேடும். போர்டிலேயே இருக்கிறது உத்தமம்" என்றான். இருநூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது. மூன்று சட்டையின் விலையைவிடக் குறைவு!

அன்றிரவு சாப்பாட்டு மேஜைமேல் ஆபரேஷன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையிலுள்ள மின்சாரம் போவதற்காகப் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். அத்தை டார்ச் அடித்தாள். போர்டின் கீழ் ஓரத்தில் ஒன்பது ஊசியும் சமர்த்தாக நின்றன. மாட்டினேன். பெட்டியை உயிர்ப்பிக்கும்போது வருகிற பயாஸ் திரையில், உறங்கிக் கிடந்த ஸீரியல் போர்ட்டை எழுப்பிவிட்டேன். மெஷினுக்கு அனுப்பினால் – மூச்சு இல்லை.

கடைப் பையனுக்குப் போன் செய்தேன். அந்த வயரில் இரண்டு ஜாதி உண்டாம். வெளியே பார்க்க அச்சு ஒன்றுதான், உள்ளே முனைகளின் வரிசை வேறு. எந்த வரிசை என்பது மதர்போர்டின் கையேட்டில் போட்டிருக்கும். முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? மறுநாள் கையேட்டோடு போனேன். அவனே மீட்டரை வைத்து, ஒவ்வொரு முனையாக 'பீப்' சத்தம் கேட்டுப் பார்த்து, வேறு வயர் எடுத்துக் கொடுத்தான், காசு வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாவது ராத்திரி அத்தை பாலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை. பக்கத்திலேயே நின்றாள். இருபத்தைந்து விநாடி. மெஷின் ஒரு தரம் கூவிவிட்டு ஓட ஆரம்பித்தது. குத்துவிளக்கு வந்தது, அதன் தலைமேல், இருக்க வேண்டிய இடத்தில், சுடர் வந்தது.

நானூறும் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. நடுவில் போன நாட்களில் பள்ளிக்கூடத்துக்காரர்கள் பொறுமை இழந்து, பாதியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். இருநூறுதான் அத்தைக்கு. அட்வான்ஸில் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வேலைக்கு வருகிற பெண்களுக்கு மட்டும் அந்த மாதம் சம்பளத்தைக் குறைக்கவில்லை. அத்தை எதை விற்றாளோ, கேட்டால் சொல்ல மாட்டாள்.

பாழான மூன்று சட்டைக்கு நான் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. அதில் ஒன்றைக் கத்தரித்து அத்தை ஒரு பட்டை தைத்திருக்கிறாள். இப்போது கம்ப்யூட்டரின் முதுகில், புது வாய்க்கு மேலே அது ஒட்டியிருக்கிறது. சிவப்பு நூலில், மெஷினே போட்ட எழுத்து: 'தொடாதே.' யாருக்கு என்று போடவில்லை, எனக்குத் தெரியும்.