ஸஃப்பில் ஓரிடம்

கடந்த ஷஅபான் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது, திண்ணையில் ஒரு தபால் உறை நமக்காகக் காத்திருந்தது. உள்ளே ஒரு கடிதமும், பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கான இரண்டு அழைப்பு அட்டைகளும் இருந்தன. கடிதத்தின் அடியில் ஒரு பெண்பெயர். அப்பெயரில் நமக்கு மாணவி எவரும் இருந்ததில்லை. ஆனால் தலைப்பில் அரபு எழுத்தில் எழுதியிருந்த பிஸ்மில்லாஹ்வைக் கண்டதும் நெஞ்சு திடுக்கிட்டது. ஸீன் என்னும் எழுத்தின் பற்களை ஒன்றுபோல் அணிவகுத்து நிறுத்தும் அந்தக் கை, நாம் பழக்கிய கை.

"ஹஜ்ரத், தமிழில் முதுகலைப் பட்டம் பெறப் போகிறேன். பெற்றோர் இருவருக்கென்று பல்கலைக்கழகம் தந்த அட்டைகள் இவை. வாப்பா மவுத்தாகிவிட்டார்கள். ஓர் அட்டை தங்களுக்கு. மற்றொன்றை உம்மாவிடம் சேர்த்துவிடுங்கள். நான் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்." இவ்வளவுதான் கடிதம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பிள்ளைக்கு வயது பதினாறு. நாம் ஓதிக்கொடுத்துவந்த மத்ரஸாவில் அத்தனை தெளிவாக மக்ரஜ் பிரித்து ஓதிய குரல் வேறு இருந்ததில்லை. நடையிலும் பேச்சிலும் ஒரு மென்மை உண்டு. அதற்காக மற்றப் பிள்ளைகள் கேலி செய்வதும் உண்டு. ஒருநாள் ஃபராயிளு பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஆணா பெண்ணா என்று உடலால் துணிய இயலாத 'குன்ஸா'வுக்குச் சொத்தில் பங்கு எவ்வாறு என்னும் மஸ்அலா வந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் அப்பிள்ளையின் பெயரைச் சொன்னான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். உரக்கச் சிரிக்கவில்லை, தாடிக்குள் ஒரு புன்னகை, அவ்வளவே. ஆனால் அப்பிள்ளையின் கண் அப்போது நம் முகத்தின் மீதுதான் இருந்தது.

மறுநாள் அந்த இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. வீடு நான்கு தெரு தள்ளித்தான். நாம் போகவில்லை. பிறகு அப்பிள்ளை ஊரைவிட்டே போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். திருநங்கையர் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது என்றார்கள். 'சேர்ந்துவிட்டது' என்றே சொன்னார்கள். 'சேர்ந்துவிட்டான்' என்றோ 'சேர்ந்துவிட்டாள்' என்றோ எவரும் சொல்லவில்லை.

தமிழ் படித்தவர்க்கு இந்த 'அது' உறுத்த வேண்டும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இவ்வகை மாந்தரைக் குறிக்கும் சொல்லை எங்கு வைப்பது என்று ஆராய்கிறார். அதற்கெனத் தனிப் பால் ஈறு இல்லை என்கிறார். ஆயினும் அதனை உயர்திணையிலேயே வைத்து, உயர்திணைக்குரிய ஈறுகளையே வழங்குகிறார். இலக்கணம் உயர்திணையில் அமர்த்திய ஒருவரைத் தெரு அஃறிணைக்குத் தள்ளுகிறது. அந்தத் தெருவில்தான் நாமும் குடியிருக்கிறோம்.

நாம் கற்ற அரபு நூல்களும் இவ்விடத்தில் ஊமையாக இருக்கவில்லை. குன்ஸாவுக்கு வாரிசுரிமையில் பங்கு உண்டா என்று ஃபுகஹாக்கள் ஐயுற்றதே இல்லை. எவ்வளவு என்பதில்தான் ஆராய்ச்சி. ஷாஃபிஈ மத்ஹபில் ஐயமற்ற குறைந்த அளவைக் கொடுத்துவிட்டு, நிலைமை தெளிவாகும் வரை மீதியை நிறுத்திவைப்பார்கள். ஜமாஅத் தொழுகைக்கு ஸஃப்பு அமைப்பதைக் கூறும் இடத்தில், ஆண்கள், அவர்களுக்குப் பின் சிறுவர்கள், அவர்களுக்குப் பின் குன்ஸாக்கள், பின்னர் பெண்கள் என்று ஃபிக்ஹு நூல்கள் வரிசை வகுக்கின்றன. இதை எத்தனையோ ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறோம். பள்ளிவாசலுக்குள் அவர்களுக்கென்று ஒரு ஸஃப்பே வகுத்துவைத்த மார்க்கத்தின் பாடத்தை நடத்திக்கொண்டே, வகுப்பறையில் ஒரு பிள்ளையின் இடத்தைக் காலி செய்தோம் என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

குன்ஸா வேறு, திருநங்கை வேறு என்று ஆலிம்கள் திருத்தக்கூடும். திருத்தம் சரியே. முன்னது உடலின் அமைப்பு. பின்னது உள்ளத்தின் உணர்வு. இதற்கும் நம் இமாம்களிடம் சொல் உண்டு. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், பெண் இயல்பு கொண்ட ஆண்களை இரு வகையாகப் பிரிக்கிறார்கள். படைப்பிலேயே அவ்வியல்பு அமைந்தவர் மீது பழியோ குற்றமோ இல்லை என்றும், வேண்டுமென்றே பாவனை செய்பவரையே கண்டனம் சாரும் என்றும் விளக்குகிறார்கள். மின்ஹாஜ் நூலை ஓதிப் பட்டம் கட்டிக்கொண்ட நாம், அதன் ஆசிரியருக்கிருந்த நிதானத்தை ஓதிக்கொள்ளவில்லை.

வெளியுலகிலும் இது புதிய வழக்கன்று. கெய்ரோவில் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் ஒருவர் 1988ஆம் ஆண்டு அறுவைச் சிகிச்சையால் பெண்ணானார். ஆண்கள் கல்லூரி அவரை நீக்கியது. பெண்கள் கல்லூரி சேர்க்க மறுத்தது. அன்று எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது ஸையிது தன்தாவீ அவர்களிடம் கேள்வி சென்றது. வெறும் விருப்பத்துக்காக இச்சிகிச்சை கூடாது; உள்ளே மறைந்துள்ள இயல்பை வெளிப்படுத்தத் தேவையென்று நம்பகமான மருத்துவர் கண்டால் கூடும் என்று அவர்கள் ஃபத்வா வழங்கினார்கள். 2020ஆம் ஆண்டு டாக்காவில் மூன்றாம் பாலினத்தவருக்கென்றே ஒரு மத்ரஸா திறக்கப்பட்டது.

ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் நாடுவது பற்றி மார்க்க நூல்கள் கூறுவதை நாம் அறிவோம், மறைக்கவும் இல்லை. இக்கட்டுரை ஃபத்வா அன்று. பாடம் கேட்க வந்த பிள்ளையை எள்ளி நகையாடி விரட்ட எந்த நூல் அனுமதி தந்தது என்பதே நம் கேள்வி. ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. அறிவு தேடி வந்த பார்வையற்ற தோழரிடமிருந்து முகம் திருப்பிய ஒரு கணத்துக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்களையே இறைவன் ஸூரா அபஸவில் கண்டித்தான். அந்தத் தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பின்னர் மதீனாவில் பாங்கு சொன்னார்கள். நபிகளார் பயணம் சென்ற நாள்களில் அவர்களின் பிரதிநிதியாகவும் இருந்தார்கள். முகம் திருப்பியது பார்வையற்றவருக்குத் தெரியாது. நம் புன்னகையோ கண்ணுள்ள பிள்ளையின் முன் நிகழ்ந்தது.

அட்டையை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டுகள் தாமதமாக, அந்த நான்கு தெருக்களைக் கடந்தோம்.

உம்மா கதவோரம் நின்றவாறே அட்டையை வாங்கினார்கள். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கு நீங்கள் இந்த வாசலுக்கு வருவீர்கள் என்று மூன்று நாள் இந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான், ஹஜ்ரத். 'ஹஜ்ரத் வந்து கூப்பிட்டால் போய்விடுவேன் உம்மா' என்றான்" என்று சொன்னார்கள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

"விழாவுக்கு வாருங்கள்" என்றோம்.

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊரில் நாமும் ஒருவர்தாம், உம்மா. நாம் வருகிறோம்."

விழா நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. அங்கியணிந்த பட்டதாரிகள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலி காலி. நேரம் செல்லச் செல்ல அந்த வெறுமை நம்மை வகுப்பறைக்கே இழுத்துச் சென்றது. துணைவேந்தர் உரையின் பாதியில் கறுப்புத் துப்பட்டியணிந்த உருவம் ஒன்று தயங்கித் தயங்கி வந்து அமர்ந்தது. ஸலாம் சொன்னோம், பதில் வந்தது, மேற்கொண்டு பேச்சில்லை.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் முன்னொருமுறை சொன்ன செய்தி அப்போது நினைவுக்கு வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1995ஆம் ஆண்டு, தன்பால் நாட்டம் கொண்டோர், திருநர் முதலிய மாணவர்களுக்கென்று 'லாவண்டர் பட்டமளிப்பு' என்றொரு விழா தொடங்கப்பட்டதாம். தொடங்கியவர் ரானி சான்லோ என்னும் யூதப் பெண்மணி. அவருடைய நாட்டத்தைக் காரணம் காட்டி, அவர் பெற்ற பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவிலேயே அவரை அமரவிடவில்லை. அந்த வலியிலிருந்து எழுந்த முதல் விழாவில் பட்டதாரிகள் மூவரே. இன்று அந்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் அது ஆண்டு வழக்கம். பொது விழா ஒன்று இருக்கத் தனி விழா எதற்கு என்று அன்று நாம் கேட்டோம். பக்கத்து நாற்காலியில் ஒரு தாய் தயங்கி அமர்வதைக் கண்டபோது விடை கிடைத்தது. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தந்துவிடும். கண்குளிரப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளைப் பல்கலைக்கழகம் தர இயலாது.

பெயர் அழைக்கப்பட்டது. பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நாம் எழுந்து நின்றோம். அரங்கில் கைதட்டல் பரவியது. உம்மா நம் பக்கம் திரும்பாமலே, "அதோ வருகிறாள்" என்றார்கள்.

தொல்காப்பியர் சூத்திரம் வகுத்துச் செய்ததை அத்தாய் ஒரு வினைமுற்றால் செய்துவிட்டார்கள்.

விழா முடிந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அன்றைய வகுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். மன்னிப்பு என்ற சொல் வருவதற்குள், "ஓதிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை, ஹஜ்ரத். மற்றதை மறக்கப் பார்க்கிறேன்" என்றாள். மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அந்த நேர்மைக்காக அவளை இன்னும் மதித்தோம்.

இனி என்ன எண்ணம் என்று கேட்டோம். பி.எட். படித்து ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக வேண்டும் என்றாள். பிள்ளைகள் 'டீச்சர்' என்று அழைக்க வேண்டும்; வாடகைக்கு ஒரு வீடு, முன்பணம் வாங்கிய பிறகு திருப்பித் தராத ஒரு வீடு, கிடைக்க வேண்டும் என்றாள். நடக்கக்கூடியவைதாம். 2008இல் தமிழக அரசு திருநங்கையருக்கு நலவாரியம் கண்டது. 2014இல் உச்சநீதிமன்றம் அவர்களைத் தனிப் பாலினமாக ஏற்றது. சேலத்துப் பட்டதாரி பிரித்திகா யாஷினி, 2015இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பின் துணையோடு காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு வழிகண்டார். 2018இல் சத்யஸ்ரீ சர்மிளா வழக்கறிஞராகப் பதிவு செய்தார். நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தமிழகத்தில் 22,364 பேரைக் காட்டியது. அவர்களுள் எத்தனைபேர் எந்தெந்தத் திண்ணையில் எந்த ஆசிரியருக்காகக் காத்திருந்தார்களோ, இறைவனே அறிவான்.

பிரியும் வேளையில் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வாப்பா மவுத்தானபோது தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன், ஹஜ்ரத். நாளை உம்மாவுக்கு ஒன்று நேர்ந்தால், அந்த ஜனாஸாத் தொழுகையில் நான் எந்த ஸஃப்பில் நிற்பது?"

முப்பதாண்டுகள் கேள்விகளுக்கு விடை சொல்லியே பழகிய நாவு சற்று நேரம் எழவில்லை. நூல்களில் தேடினால் பல சொல் கிடைக்கும். அவற்றை ஆலிம்கள் அமர்ந்து ஆராயட்டும். ஆனால் அவள் கேட்டது நூலை அன்று.

"அல்லாஹ் உம்மாவுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அப்படியொரு நாள் வந்தால் தெருமுனையில் நின்றுவிடாதே, மகளே. நம் வீட்டுக்கு வா. அங்கிருந்து சேர்ந்து போவோம்" என்றோம்.

அதை எழுதி வைப்பதற்காகவே இக்கட்டுரை. நாம் ஐம்பதைக் கடந்தவர். அந்த நாளில் நாம் இல்லாமற் போனாலும், இதைப் படித்தவர் எவரேனும் அவளோடு நடந்து செல்லட்டும். வல்ல இறைவன் அவளுடைய கல்வியில் பரக்கத் செய்வானாக. நம் புன்னகையை மன்னிப்பானாக. ஆமீன்.